இருநூற்று இருபத்து நாலு

காலை ஐந்து நாற்பத்தேழு.
மண்டூர்த் துறையில் ஆறு பால் கேனோடு நின்று
பூபாலரெத்தினம் போனைத் திறந்திருக்கிறார்.
திரையில் நான் செய்த செயலி, அதன் கடைசி வரி:
பாதை இன்று ஓட,
பிறகு மூன்று கறுப்பு வைரம்,
ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு கேள்விக்குறி,
பிறகு து.

பாதை என்றால் எங்களுக்குத் தெரு இல்லை.
வாவியைக் கடக்கிற இரும்புத் தட்டு,
மேலே வண்டியும் ஏறும், மாடும் ஏறும்.

எழுப்பிவிட்டார்.
"என்னகா இது?
ஓடுதா எண்டு நான் உன்னட்டக் கேட்டா
ஓடுதா எண்டு நீ என்னட்டக் கேக்கிறாய்,
அதுவும் மூண்டு தரம்."

ஓடுகிறது என்பதும் து-வில்தான் முடியும்,
ஓடாது என்பதும்.
பனிக்குள் மற்றக் கரை தெரியவில்லையாம்.

களுவாஞ்சிகுடி. கோழித்தீவனக் கடைக்கு மேலே என் அறை.
பல் விளக்காமல் உட்கார்ந்து
வந்த பொதிகளை எண்களாகக் கொட்டிப் பார்த்தேன்.
224 174 159, அது ட.
பிறகு 224.
அதோடு சரி.
ஆயிரத்து இருபத்து நாலு பைட் நிறைந்து பொதி மூடிக்கொண்டது.
நீர்மட்டம், காற்று, கட்டணம், லீவு நாள் எல்லாம் விலாவாரியாகச் சொல்லி
அவசியமான சொல்லின் கழுத்தில் இடம் தீர்ந்திருக்கிறது.
அடுத்த பொதியின் வாசலில் 174, 190,
எந்த வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்க ஆளில்லாமல்.

நான்தான் அப்படி எழுதியிருந்தேன்:
வந்த கையோடு எழுத்தாக்கு, அடுத்ததை எடு.
சோதித்தது ஆங்கிலத்தில் தட்டி.
அதற்கு எழுத்துக்கு ஒரு பைட், எங்கே வெட்டினாலும் ரத்தம் வராது.
நமக்கு மூன்று.
காலுக்கு மூன்று, கொம்புக்கு மூன்று,
தலையில் வைக்கிற ஒரு புள்ளிக்கும் மூன்று.
என் பெயர் மேகவர்ணா, எட்டு எழுத்துத் துண்டு, இருபத்து நாலு பைட்,
அதை ஒருமுறையாவது அனுப்பிப் பார்த்திருக்கலாம்.

224 மட்டும் கையில் இருந்தால் எதுவும் சொல்ல முடியாது.
அகரத்துக்கும் அதுதான் முதல், னகரத்துக்கும் அதுதான்.
அடுத்து 175 வந்தால் ஓடு.
174 வந்தால் ஓடா.
ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம்,
அந்த ஒன்று அக்கரையில் நின்றது,
பாதையும் அங்கேதான் நின்றது,
விசிறியில் ஆற்றுவாழை சுற்றி.

எட்டு மணி வரை பார்த்துவிட்டு
பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போயிருக்கிறார்.
மத்தியானம் மறுபடியும் போன்:
"பால் கெட்டா உறை ஊத்தித் தயிர் எண்டு விப்பன்.
உன்ட எழுத்து உடைஞ்சா என்னத்துக்கு ஆகும்?"

திருத்தம் நாலு வரி.
டிகோடரைச் சுற்றுக்கு வெளியே எடுத்து வைத்தேன்,
பொதிக்குப் பொதி புதிதாகப் பிறந்து
முன்னதை மறக்காமல் இருக்க.
முடிந்த எழுத்தைக் கொடு.
முடியாததை வைத்திரு, வாயைத் திறக்காதே.
பழைய பொதிகளை மறுபடி ஓடவிட்டேன்.
ஓடாது என்று வந்தது, சுத்தமாக, ஏழு மணி நேரம் பிந்தி.

இரவு படுத்த பிறகுதான் இன்னொன்று.
டவரில் கரண்ட் போய் இணைப்பு அறுந்தால்?
வைத்திருக்கும் 224 வைத்தபடியே இருக்கும்.
துணைக்கு ஒன்றும் வராது.
எழுந்து லைட்டைப் போட்டேன்.
ஊகித்து ஓர் எழுத்தை ஒட்டிவிடலாம், பாதி நாள் சரியாகவும் இருக்கும்.
ஒட்டவில்லை.
அந்த வரியை அழித்து, அந்த இடத்தில் வர இதை எழுதினேன்:
தெரியாது. துறைக்குப் போய்ப் பாருங்கள்.

அதையும் எண்ணினேன்.
நூற்று நாலு பைட்.